நண்டு போட்ட வழிப்படம்

உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, என்ன கேக்க வந்திருக்கீங்கன்னு. பவளமுனைப் பட்டினத்துக் கப்பற்படைன்னு சொன்னதும், ஆயிரம் பாய்மரம், யானை ஏத்துன கலம், மேல நின்னு மீசைய முறுக்குற ராசா, அதானே? ராசா இந்தக் கதையில வரமாட்டாரு. அவருக்குத் தண்ணியில கால் வெச்சாலே தலை சுத்தும். இது நண்டுக் கதை. எந்திரிச்சுப் போறவங்க இப்பவே போயிடலாம்.

யாரும் போகலையா? அப்ப சரி.

அந்தக் காலத்துல நண்டும் மனுசனும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வாய்விட்டுப் பேசிக்கிட்டு இருந்தாங்க. ஈர மணல்ல படம் போடுறதுல நண்டை அடிக்க ஆள் இல்ல. எந்த மணல்திட்டு எங்க இருக்கு, எந்த உப்பங்கழியில ஆழம், எல்லாம் நண்டுக்குத் தெரியும். அதுக்குத்தான் ஊரூருக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களே.

பவளமுனைக்கு அப்போ ஒரு தொல்லை. சிப்பித்துறைன்னு ஒரு ஊர்க்காரங்க பனிமூட்டத்துக்குள்ளருந்து வருவாங்க, படகை அவுத்துக்கிட்டு மூட்டத்துக்குள்ளயே போயிடுவாங்க. அவங்க ஊரு எந்தப் பக்கம்னே யாருக்கும் தெரியல. படைக்குத் தலைவரு சேந்த நாயகர் மூணு தடவை தேடிப் போனாரு. மூணு தடவையும் மணல்ல தட்டி நின்னுட்டுத் திரும்பி வந்தாரு. நாலாவது தடவை, கோலாண்டின்னு ஒரு நண்டைக் கூப்பிட்டாங்க.

நாயகர் பேசினா தொண்டைக்குள்ள யாரோ பானை உருட்டுற மாதிரி இருக்கும். "நண்டே, வழி காட்டு. ஜெயிச்சா இந்த மணல் முழுக்க உங்க குலத்துக்கு. ஒரு மனுசக் கால் படாது. தப்பாப் போச்சுன்னா உங்க குலம் முழுக்கச் சட்டிக்குள்ள."

கோலாண்டிக்குப் பின்னாடி அதோட பொண்டாட்டி, புள்ளைங்க, அக்கா, அக்கா புள்ளைங்கன்னு நானூறு ஜோடிக் கண்ணு குச்சி மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. அது மணல்ல கீறிச்சு. "இது நம்ம துறை. இப்படிப் போனா ஒரு பாறை. பாறையத் தாண்டித் திட்டைச் சுத்தினா ஒரு கழி. கழிக்குள்ள சிப்பித்துறை."

நாயகர் பாத்தாரு. "வலது கைப் பக்கம்." மனசுல போட்டுக்கிட்டாரு.

இங்கதான் ஒரு விசயம். பவளமுனையில ஒரு வழக்கம் உண்டு. போருக்குப் போறவன் ஊருக்கு முதுகு காட்டக் கூடாது. அதனால நாயகர் தண்ணியில கால வெச்சுக்கிட்டு, ஊரைப் பாத்து நின்னுதான் படத்தைப் பாத்தாரு. அப்படியே பின்னாடி பின்னாடி நடந்து, பின்னாடியே ஏணி ஏறி, கப்பலுக்குள்ள போனப்புறம்தான் திரும்பினாரு. கப்பல் கடலைப் பாத்து நிக்குது. நாயகர் கைய நீட்டினாரு. "வலது கைப் பக்கம்."

கோலாண்டி கத்திச்சு. "நாயகரே, இப்ப உங்க வலது கை வேற பக்கம் போயிடுச்சு."

முரசுச் சத்தத்துல நண்டுக் குரல் யாருக்குக் கேக்கும்? முப்பது கலமும் நேர் எதிர்ப்பக்கமாத் திரும்பிப் போச்சு.

அந்தப் பக்கமும் ஒரு பாறை இருந்துச்சு. ஒரு திட்டும் இருந்துச்சு. சுத்திப் போனா ஒரு கழியும் இருந்துச்சு. அது பவளமுனையோட பின்கழி. கருவாடு காயப்போடுறவங்க இருக்குற இடம். நாத்தம்னு சொல்லிப் படைக்காரங்க ஒருத்தனும் பொறந்ததுலேருந்து அங்க எட்டிப் பாத்ததில்ல. மூட்டம் வேற.

கழியில இருந்தவங்களும் பாத்தாங்க. நம்ம கப்பல் இந்தப் பக்கம் எதுக்கு வரப் போகுது? அப்ப வர்றது சிப்பித்துறைக்காரன்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. கருவாட்டு உப்புத்தண்ணியப் பானை பானையாத் தூக்கி ஊத்துனாங்க.

ஒரு மாலுமி முகத்தைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னான். "தலைவரே, இவங்க திட்டுறது எங்க அத்தை திட்டுற மாதிரியே இருக்கு."

"எதிரி நம்ம பேச்சையும் திருடிட்டான். அடி."

"கோயிலும் நம்ம கோயில் மாதிரியே..."

"நம்மளப் பாத்துக் கட்டியிருக்கான். அடி."

ஒரு கொட்டகையக் கொளுத்திட்டு, கம்பத்துல தொங்கின பெரிய முரசை அவுத்துக்கிட்டு, வந்த வழியே முன்துறைக்குத் திரும்பினாங்க.

வந்து பாத்தா, ஊரே கூடித் தோரணம் கட்டிக்கிட்டு இருக்கு.

"நாயகரே, சேதி தெரியுமா?" ஊர்ப் பெரியவரு கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "நீங்க அந்தப் பக்கம் போனதும் சிப்பித்துறைக்காரன் பின்கழி வழியா வந்துட்டான். அடிச்சுத் துரத்திட்டோம்."

"நாங்க அவன் ஊருக்குள்ளயே போய் அடிச்சோம். முரசைக்கூடத் தூக்கிட்டு வந்துட்டோம்."

"ஒரே நாள்ல ரெண்டு வெற்றியா?"

"ரெண்டு வெற்றி."

எப்படின்னு யாருக்கும் புரியல. ஆனா ரெண்டுங்கறது ஒண்ணைவிட நல்லாத்தானே இருக்கு. வருசா வருசம் ரெண்டு நாள் விழா எடுக்கணும்னு அங்கயே முடிவாச்சு.

நாயகர் கோலாண்டியக் கூப்பிட்டு உள்ளங்கையில தூக்கி வெச்சுக்கிட்டாரு. "இனி இந்த மணல் உங்களுது."

கோலாண்டிக்கு உண்மை தெரியும். கப்பல் வேற பக்கம் போனதை அது ரெண்டு கண்ணாலயும் பாத்துச்சு. சொன்னா சட்டி. சொல்லலேன்னா மணல். நானூறு ஜோடிக் கண்ணையும் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு வாய மூடிக்கிச்சு.

அப்பத்தான் கூட்டத்தை இடிச்சுக்கிட்டு, பின்கழியில கருவாடு போடுற மாடத்தி முன்னாடி வந்தா. வேடிக்கை பாக்கத்தான் வந்தா, பாவம். முரசைப் பாத்தா. ஒரு தட்டுத் தட்டிப் பாத்தா. குனிஞ்சு தோலைத் தடவினா.

"இது எங்க முரசுல்ல. இந்தக் கிழிசலை நான்தான தச்சேன்." நிமிந்து நாயகரை மோந்து பாத்தா. "நீங்க கொளுத்துனது என் கொட்டகை, நாயகரய்யா. உங்க தலையில நாறுறது நான் ஊத்துன தண்ணி."

தோரணம் கட்டினவன் பாதி முடிச்சுல நின்னான். நாயகரோட கண்ணு மெதுவா, ரொம்ப மெதுவா, உள்ளங்கைக்கு வந்துச்சு.

உள்ளங்கையில நண்டு இல்ல. அன்னையிலேருந்துதான், கரையோர நண்டு தண்ணி வத்துறப்பல்லாம் தன் படம் சரிதான்னு திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுது. யாரு எந்தப் பக்கமிருந்து பாக்க வந்தாலும், கால் சத்தம் கேட்ட உடனே குழிக்குள்ள போயிடுது.