பாண்டிக் கட்டம்

பொட்டலூர் பள்ளி வாத்தியார் முகத்தைப் பார்த்து இரண்டு வருசமாகிறது. வாசல் பெருக்கும் செல்லக்கனிதான் பாண்டிக் கட்டங்களில் 'கள்', 'இல்', 'ஆல்' என்று எழுதிப்போட்டாள். பிள்ளைகள் நொண்டியடித்துக்கொண்டே "பூனைகள், வீட்டில், கல்லால்" என்று சொல்லிப் பழகினார்கள்.

ஒருநாள் ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரி கத்தினார்: "பெருக்குறவ பாடம் எடுக்கறதா? யாரு சொல்லிக்கொடுத்தது இந்தக் கூத்தை? சொல்லு, இல்லேன்னா வேலை போயிடும்."

"வாத்தியார்தான் ஐயா."

"பொய்! அந்த ஆள் இந்தப் பக்கம் வந்தே ரெண்டு வருசமாச்சே!"

"அப்படிங்களா? தினமும் வந்து பாடம் நடத்துறார்னு மாசாமாசம் நீங்கதானே ஐயா கையெழுத்துப் போட்டீங்க?"

கூடியிருந்த சனம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வாரமே பள்ளிக் கதவில் பூட்டு தொங்கியது. பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போனார்கள். அந்த வாத்தியாருக்கோ பதவி உயர்வாம்.