பண்டகசாலையில் பூட்டிய படிப்பு

டமடமவென்று முரசு அதிர்ந்தது. சவரம் செய்துகொண்டிருந்த அரண்மனை விகடகவி தத்தன் ஒரு கன்னம் மட்டும் மழித்தபடியே தெருவுக்கு ஓடி வந்தார்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது! நம் நாட்டுக் கலாசாலை இன்றோடு மூடப்படுகிறது!"

ராஜாவுக்குத் தோன்றியதெல்லாம் பொழுது விடிந்தால் சட்டமாகிவிடும் முன்னொரு காலம் அது. முந்தின நாள் உலா போன ராஜா, கலாசாலையில் பன்னிரண்டு வருஷம் படித்த ஒருவனிடம், "பால் கறப்பாயா?" என்று கேட்டார். "ஆகா!" என்று அவன் சொம்போடு போய்க் காளையின் அடியில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். ராஜாவுக்கு மூக்குக்குமேல் கோபம்.

தத்தன் அரண்மனைக்கு ஓடினார். "மகாராஜா, ஒருவன் இடம் மாறி உட்கார்ந்ததற்காகக் கலாசாலையையே மூடலாமா?"

"அந்தப் படிப்பால் என்ன பயன், தத்தரே? என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே!"

அமைச்சர் வில்லவராயர் கனைத்துக்கொண்டார். தாம் பத்து முறை சொல்லி நடக்காததைத் தத்தன் ஒரு சிரிப்பில் நடத்திக்கொள்கிறாரே என்று அவருக்கு வெகுநாள் எரிச்சல்.

"மகாராஜா, மூடும் பொறுப்பைத் தத்தரிடமே ஒப்படையுங்கள். கலாசாலையிலிருந்து வந்த அனைத்தையும் பண்டகசாலையில் வைத்து முத்திரையிடட்டும். ஏதாவது விட்டுப்போனால் அரண்மனையில் அவருக்கு வேலையில்லை."

"அனைத்தையுமா, அமைச்சரே?"

"துரும்புகூட விடாமல்!"

"அப்படியே எழுதிக் கொடுங்கள்."

அமைச்சர் அழகான கையெழுத்தில் எழுதி நீட்டினார். ராஜா முத்திரை வைத்தார். தத்தன் வணங்கிவிட்டு வெளியே வந்தார். இந்த ஓலையைக்கொண்டு கலாசாலையைக் காப்பாற்றினால்தான் உண்டு.

உச்சிவேளை. பலாச்சுளையை அளவில்லாமல் விழுங்கிய ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

"வைத்தியர் எங்கே?"

வைத்தியரைக் காணோம். அந்த நேரம் பார்த்துக் கடல் கடந்த நாட்டுத் தூதன் சபைக்குள் வந்து ஓர் ஓலையை நீட்டினான். எவருக்கும் படிக்கத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளரையும் காணோம். தூதன் சிரித்துக்கொண்டே தன் கழுத்தைச் சுற்றி விரலால் கோடு இழுத்துக் காட்டினான்.

"கழுத்தை அறுப்பேன் என்கிறானே!" என்று அலறினார் வில்லவராயர். சேனாதிபதி வாளை உருவிவிட்டார்.

"தத்தரே! எல்லோரும் எங்கே?"

"பண்டகசாலையில், மகாராஜா."

வயிற்றைப் பிடித்தபடி ராஜா போக, தூதனும் சபையோரும் பின்னாலேயே போனார்கள். ராஜா கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே நெல் மூட்டைகளின்மேல் வைத்தியர், மொழிபெயர்ப்பாளர், மதகு கட்டிய நிபுணர் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தலைப்பாகையிலும் ஓர் அரக்கு முத்திரை!

"என்ன ஐயா இது?"

"கலாசாலையிலிருந்து வந்தவை, மகாராஜா. ஆணைப்படி பூட்டினேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அமைச்சரே, தலைப்பாகையைக் கொஞ்சம் காட்டுங்கள்."

"நானா? நான் எதற்கு?"

"ஆணையை எழுதிய இந்தக் கையெழுத்து எங்கே பழகியது, ஐயா?"

வில்லவராயர் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குள் மொழிபெயர்ப்பாளர் எட்டித் தூதனின் ஓலையை வாங்கிப் படித்துவிட்டார். "மகாராஜா, தங்கள் கழுத்துக்கு ஒரு முத்துமாலை கொண்டுவந்திருக்கிறாராம்."

வைத்தியர் கொடுத்த கஷாயம் உள்ளே போக, வலி இறங்க, ராஜாவுக்குச் சிரிப்பு பொங்கியது. சேனாதிபதி உருவிய வாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்ததும் மூட்டையில் சாய்ந்தே சிரித்தார். ஆணையை அங்கேயே கிழித்துப் போட்டார். வந்த முத்துமாலையைத் தத்தன் கழுத்தில் போட்டார்.

"போதும் ஐயா, பயனைக் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் நீர் அந்தப் பக்கமே படிக்கப் போனதில்லையே? உமக்கு ஏன் இத்தனை துடிப்பு?"

தத்தனின் கண்கள் கலங்கின.

"அங்கே சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தவன் நான், மகாராஜா. ஜன்னலோரம் நின்று ஒட்டுக்கேட்டதைப் பார்த்துவிட்ட ஆசிரியர், மறுநாளிலிருந்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்து உரக்கப் பாடம் சொன்னார்."