பூனை சொல்லாமல் விட்ட மீன்குழம்பு

வைத்த சோற்றைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குத் திமிர்தான் காரணம் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். இது பிழை, சிறு பிழையும் அல்ல. ஒரு பிராணியின் துக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். கடமை கருதித் திருத்துகிறேன்.

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. பேசியதோடு நிற்காமல் ஓட்டலும் நடத்தின. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த ஒரு நகரத்தில் தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடை. எங்கே சாப்பிடுவது என்று யோசித்தே ஊர் களைத்துப் போய், அந்த வேலையைப் பூனையிடம் ஒப்படைத்தது. பூனை ஆண்டு முழுவதும் எல்லாக் கடைகளிலும் சாப்பிடும். தை பிறந்ததும் சந்தைக் கூரைமேல் ஏறி, கடந்த ஆண்டில் தனக்குப் பிடித்த பண்டங்களைச் சொல்லும். சொன்ன கடையில் கூட்டம் நெரியும். சொல்லாத கடையில் ஈ உட்காரும்.

சில ஆண்டுகள் சுகமாகத்தான் இருந்தது. பிறகு பூனைக்கு அலுத்துவிட்டது. கீரியின் முட்டை தோசை, கொக்கின் இறால் வறுவல், கரடியின் தேன் பணியாரம், மரநாயின் காப்பி (தயாரிக்கும் விதத்தை விசாரிக்காமல் குடிப்பது நல்லது) எல்லாம் நன்றாகவே இருந்தன. நன்றாக இருப்பதே ஆயாசமாக இருந்தது. போதாததற்கு, எதிரே வருபவரெல்லாம், "இன்னைக்கு எங்கே சாப்பிட்டே? எப்படி இருந்தது?"

அந்த அலுப்போடு ஒரு நாள், படித்துறை ஓரம் நீர்நாய் புதிதாகத் திறந்திருந்த கடைக்குள் பூனை நுழைந்தது.

"இன்னைக்கு வச்ச மீன்குழம்பை நாளைக்குத்தான் தருவேன். அவசரம்னா கொக்கு கடைக்குப் போ" என்றது நீர்நாய்.

"நேத்து வச்சது இருக்கா அக்கா?"

"இருக்கு. உட்காரு."

மாங்காய் போட்டு, ஒரு நாள் ஊறிய குழம்பு. முதல் கவளத்திலேயே பூனைக்குக் கண் மூடிக்கொண்டது. எப்படி இருந்தது என்று நீர்நாய் கேட்கவில்லை. அதன்பின் வேறெங்கே சாப்பிட்டாலும், கடைசியில் வந்து அந்தக் கடையின் ஜன்னலோர மூலையில் உட்கார்ந்தால்தான் பூனைக்குச் சாப்பிட்டதுபோல் இருந்தது.

மார்கழியில் நீர்நாய் சொன்னது: "தம்பி, உன்னை விட்டா இங்க ஆளே வர்றதில்லை. தையிலே நீ ஒரு வார்த்தை சொன்னாத்தான் கடை நிக்கும். இல்லாட்டி சட்டியைக் கவுத்துட்டு ஆத்துக்கே போயிடுவேன்."

"சொல்லாம இருப்பேனா அக்கா."

தை பிறந்தது. பூனை கூரைமேல் ஏறியது. கூட்டத்தின் கடைசியில் நீர்நாய் கையில் கரண்டியோடு நின்றது. முன்வரிசையில் கழுதை.

"சீக்கிரம் சொல்லுப்பா. போன வருஷம் நீ சொன்ன பணியாரத்துக்கு வரிசையிலே நின்னே என் குளம்பு தேஞ்சு போச்சு. இந்த வருஷம் எங்கே நிக்கணும்?"

பூனை கழுதையைப் பார்த்தது. அதன் பின்னால் குட்டிகளோடு நின்ற பன்றிகளையும் பார்த்தது. ஜன்னலோர மூலையில் கழுதை உட்கார்ந்திருப்பதையும், குழம்பு இருக்கிறதா என்று பன்றிகள் வாசலில் கேட்பதையும் ஒரு கணம் நினைத்தது.

"முதலிடம், கொக்கின் இறால் வறுவல்" என்றது. மற்றவற்றையும் வரிசையாகச் சொன்னது. மீன்குழம்பைச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டது.

மறுநாள் போனபோது அடுப்பில் சட்டி கவிழ்ந்திருந்தது. படித்துறைக்கு ஓடிக் கூப்பிட்டதும் நீர்நாய் தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கியது.

"கூட்டம் வந்தா குழம்பை ஒரு நாள் ஊறவே விடமாட்டாங்க அக்கா, அதான்..."

"உன் இடம் போயிடும்னு பயம்."

"ஆமா" என்றது பூனை.

"இப்ப கடை முழுக்க உன் இடம்தான். போய் உட்காரு" என்று சொல்லிவிட்டு நீர்நாய் மூழ்கிப் போனது. பூனை ஒரு காலைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, எடுத்துக்கொண்டது.

அன்று முதல்தான், எதை வைத்தாலும் பூனை அந்தக் குழம்புதானோ என்று முகர்ந்து பார்க்கிறது. இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிறகு பசிக்கு வந்து தின்கிறது. நீர்நாய் மீனைப் பச்சையாகவே தின்கிறது.