ஒன்பது மீட்டர் பூச்சரம்

சகாயராணி டீச்சர் ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அன்று பட்ட பாட்டைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

பூச்சந்தை இருக்கும் ஊர் அது. டீச்சர் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். இலவச விடுதிப் பள்ளிக்கு அவர் வகுப்பிலிருந்து இரண்டு பெயர்கள் பட்டியலில் இருந்தன. ஒருத்தி பவளக்கொடி, இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் அம்மாவோடு சந்தையில் பூ விற்க உட்கார வேண்டியதுதான். இன்னொருத்தி ஜாஸ்பின், தாய் தகப்பன் இல்லாமல் மாமா வீட்டில் ஏச்சும் பேச்சும் வாங்கி வளர்கிறவள்.

கடைசித் தேர்வில் டீச்சர் கேட்டார்: 'ஒரு முழம் 45 சென்டிமீட்டர் என்றால், ஒன்பது மீட்டர் பூச்சரத்தில் எத்தனை முழம்?' திருத்துகிற வேலை மிச்சம் என்று, விடையை மட்டும் எழுதச் சொல்லிவிட்டார். அந்தச் சோம்பல்தான் வினையாயிற்று. சரியான விடை இருபது. ஒரே பெஞ்சில் இருந்த இவர்கள் இருவர் மட்டும் பதினெட்டு என்று எழுதியிருந்தார்கள்.

தலைமையாசிரியர் கொதித்தார். "காப்பி அடிச்சது யாருன்னு மணி அடிக்கிறதுக்குள்ள சொல்லுங்க டீச்சர். அவ பேரை எடுத்துடுறேன். தெரியலைன்னா ரெண்டு பேரையும் எடுத்துடுவேன்."

"சத்தியமா நான் பாக்கல டீச்சர்," என்று இரண்டு பேரும் அழுதார்கள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மிச்சம் இருந்தது பத்து நிமிடம். ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டு அதே கணக்கைக் கொடுத்தார்.

ஜாஸ்பின் கரும்பலகையில் மளமளவென்று வகுத்தாள். இருபது வந்தது.

பவளக்கொடி சாக்பீஸைத் தொடவே இல்லை. இல்லாத சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பிடித்து, அதற்கு மேலும் மூன்று விரல் தள்ளிக் கிள்ளினாள். "மீட்டருக்கு ரெண்டு முழம். பதினெட்டுதான் டீச்சர்," என்றாள்.

கணக்குத் தெரிந்தவளா, தெரியாதவளா? இருவரில் பார்த்து எழுதியது யார்?

பார்த்து எழுதியவள் ஜாஸ்பின்தான். பவளத்தின் அம்மா கொசுறு விடாமல் ஒரு முழம்கூடக் கொடுத்ததில்லை. நாற்பத்தைந்தோடு கொசுறு ஐந்து சேர்த்தால் ஐம்பது. அப்போதுதான் பதினெட்டு வரும். அந்தத் தப்பு பூ விற்கிற வீட்டுக்குச் சொந்தமானது. டீச்சர் கேட்டதும் ஜாஸ்பின் உடைந்துபோனாள். "எனக்கு இருபதுதான் டீச்சர் வந்துச்சு. அவங்க வீட்டுல பூ விக்கிறாங்களே, அவளுக்குத்தான் தெரியும்னு மாத்திட்டேன்." மணி அடித்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே போய்விடுவார்கள். கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளையின் பெயரைச் சொல்ல, டீச்சர் அழுதுகொண்டே தலைமையாசிரியர் அறைக்கு நடந்தார்.