நீச்சல் குளத்தில் எண்ணெய்

கோயமுத்தூரில் மில் முதலாளி வெள்ளியங்கிரியின் பங்களாவில் ஒரு நீச்சல் குளம். அதைப் பராமரிப்பவர் மாரப்பன். தினமும் வலை வீசி இலை அள்ளுவார், அளந்து குளோரின் போடுவார், மோட்டாரைச் சரியாக ஆறு மணி நேரம் ஓட விடுவார்.

அப்படியும் மூன்றாம் வாரமாகத் தண்ணீர் மேல் எண்ணெய் மினுங்கியது. ஓரத்து ஓடுகளில் மஞ்சளாய் ஒரு கோடு வேறு.

“மோட்டார் எண்ணெய் ஒழுகுது! இதைக்கூடப் பார்க்காம என்னத்தைய்யா கிழிக்கிறே?” என்று முதலாளி குதித்தார். “சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள ஒழுகுற இடத்தைக் கண்டுபிடிச்சு அடைக்கணும். இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

மாரப்பன் மோட்டாரை நான்கு முறை துடைத்துப் பார்த்தார். துணியில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

சாயங்காலம் சம்பந்திகளை வைத்துக்கொண்டே முதலாளி அதட்டினார். “என்ன, கண்டுபிடிச்சியா?”

“ஆச்சுங்க. மோட்டார் ஏழு நாளும் ஓடுது. எண்ணெய் மிதக்கிறது சனிக்கிழமை மட்டுந்தானுங்க.” ஓடுகளைத் துடைத்த துணியை முதலாளியம்மாவிடம் நீட்டினார். “கொஞ்சம் மோந்து பாருங்கம்மா.”

“அட, மிளகு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய்! காலையில நான் உங்களுக்குத் தேய்ச்சுவிட்டதாச்சே! தலை முழுகாம நேராப் போய்க் குளத்துல குதிச்சீங்களா?”

சம்பந்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி மீசையைத் தடவினார்.

“அதெல்லாம் இருக்கட்டும். அடைக்கச் சொன்னேனே, அடைச்சியா?”

“அடைச்சாச்சுங்க. இனிமே சனிக்கிழமைதோறும் குளத்துப் படியில ஒரு கிண்ணம் சீயக்காயும் ரெண்டு வாளி வெந்நீரும் இருக்குமுங்க.”