சடகோபன் செய்த பொடி

"தண்ணி நல்லா இருக்குன்னுதான் பொடி காட்டுது மேடம். ஆனா அதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

சடகோபன் தன் குரு செண்பகவல்லியைவிட இருபது வயது மூத்தவர். வேலையை விட்டுவிட்டு, இந்த ஏரிக்கரை ஆய்வுக்கூடத்துக்குப் படிக்க வந்தவர். வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கிற ஆளா?

ஜன்னலுக்கு வெளியே பனி. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மேசைமேல் பொடி போட்ட காலனிக் கிணற்றுத் தண்ணீர், நீலமாக.

நல்ல தண்ணீரில் நொதி என்கிற என்சைம் நீலம் காட்டும். பூச்சிமருந்து கலந்திருந்தால் செயலிழந்துவிடும், நீலம் வராது. ஆனால் இயற்கை நொதி வெயிலுக்கே கெட்டுப்போகும். அதனால் இரும்புத் துகளில் ஒரு செயற்கை நொதி செய்தார் சடகோபன்; அதுதான் இந்தப் பொடி. ஆறு வருட உழைப்பு.

காலனியில் மூன்று குழந்தைகளுக்கு வாந்தி. கிணற்றைத் திறக்கலாமா என்று அவர் வார்த்தைக்காக ஊரே காத்திருந்தது.

"வெயில் தாங்குமா சார்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"தாங்கும் மேடம்."

"சேத்துத் தண்ணி?"

"அதுவும் தாங்கும். துகளுக்கு உறைமேல உறை போட்டிருக்கேன். எதுவும் உள்ள போய்த் தொட முடியாது." பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

அவள் ஒரு குப்பியில் சுத்தமான தண்ணீர் எடுத்தாள். அவர் கண்ணெதிரே அதில் பூச்சிமருந்து ஒரு சொட்டு விட்டாள்.

"பொடியைப் போடுங்க."

போட்டார்.

வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் வாளியில் இறங்குவதுபோல, மெல்ல மெல்ல இறங்கியது நிறம். அவ்வளவு அழகு. எங்கே நிற்கிறோம் என்பதே சடகோபனுக்கு மறந்துபோனது.

பிறகுதான் உறைத்தது, நீலம் வந்திருக்கவே கூடாது.

"நீங்க விட்டது மருந்துதானே மேடம்?"

"ஆமா. உறை போடுறதுக்கு முன்னாடி உங்க பொடி எப்படி இருந்துச்சு?"

"அதுவா? ஒரு சொட்டு மருந்து பட்டாலே சுருண்டுடும். பார்க்கப் பாவமா..."

சொல்லி முடிக்கவில்லை. அவமானமாக இருந்தது.

செல்போன் அடித்தது. காலனியிலிருந்து ரோசம்மாள்.

"சார், குடத்தோட நிக்கிறோம். எறைக்கலாமா?"

"வேண்டாம்மா. ஒரு வாய்கூடக் குடிக்காதீங்க."

"ஏன் சார், தண்ணில வெஷமா?"

"தெரியலம்மா. என் பொடிக்கு ஒண்ணுமே ஆகமாட்டேங்குது."