புரியாமல் ஆடின தலை

அந்தக் காலத்துல, வாய் இருக்கிறதுக்கெல்லாம் பேச்சும் இருந்துச்சு. மீன் பேசும், நண்டு பேசும். எருமை மட்டும் யாராவது கேட்டாத்தான் பேசும்.

ஒரு ஏரி. கரையில ஒரு கருவேல மரம். அதுல ஒரு ஓணான் குடியிருந்தான். ஏரியில எதையாவது முடிவு பண்ணணும்னா எல்லாரும் அந்த மரத்தடியில கூடுவாங்க. யார் என்ன சொன்னாலும், சொல்லி முடிச்சதும் "அப்படின்னா?"ன்னு ஒரு தடவை கேக்கணும். அது ஓணானோட வேலை. சொன்னவன் விளக்கிச் சொல்லணும். ஓணான் தலையை ஆட்டினாத்தான் அந்தப் பேச்சு செல்லும். அவனுக்குத் தண்ணியிலயும் பங்கில்ல, வயல்லயும் பங்கில்ல, யார் பக்கமும் சாயமாட்டான்னு அவனை வச்சிருந்தாங்க.

வேலையை ஒழுங்கா செஞ்சான். அதனாலயே அவனை யாருக்கும் பிடிக்கல.

"வந்துட்டாருப்பா! ஊருக்கே ஏறும், இவர் மண்டையில மட்டும் ஏறாது"ன்னு மைனா கிண்டல் பண்ணும். கூட்டம் சிரிக்கும். ஓணானும் சேந்து சிரிப்பான். உள்ள மட்டும் சுருக்குன்னு இருக்கும்.

ஒரு வருஷம் மழை ஏமாத்திடுச்சு. ஏரித் தண்ணி இறங்கிக்கிட்டே போச்சு. மதகு வழியா வாய்க்கால்ல இன்னும் கொஞ்சம் தண்ணி ஓடுச்சு. அதைப் பிடிச்சுப் போனா ஆத்து மடுவுக்குப் போயிடலாம். ஒண்ணு ரெண்டு நாள்ல அதுவும் நின்னுடும்.

விரால் மீன் அப்பத்தான் குஞ்சு பொரிச்சிருந்தா. செக்கச்செவேல்னு ஒரு கூட்டம், அம்மா வாலையே சுத்திக்கிட்டுத் திரியும். வாய்க்கால்ல போனா வழியில பாதியைக் கொக்கு தின்னும். இங்கேயே இருந்து ஏரி வத்திட்டா ஒண்ணும் மிஞ்சாது.

"போகட்டா, இருக்கட்டா? ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு கூட்டத்துல வந்து கேட்டா.

எல்லாரும் எருமையைப் பாத்தாங்க. எருமை கண்ணைப் பாதி மூடி அசைபோட்டுக்கிட்டிருந்துச்சு. அதுக்குப் புல்லு செரிக்கணும், அவ்வளவுதான். பாக்கிறவங்களுக்குப் பெரிய யோசனையில இருக்கிற மாதிரி தெரியும். ரொம்ப நேரம் கழிச்சு வாயைத் திறந்துச்சு.

"போறவன் போய்க்கிட்டேதான் இருப்பான். ஏரி எங்கயும் போகாது."

"ஆகா!"ன்னுச்சு நண்டு.

தவளை கண்ணைத் தொடச்சுக்கிச்சு.

ஓணானுக்கு ஒண்ணும் விளங்கல. போகச் சொல்லுதா, இருக்கச் சொல்லுதா? கேள்வி நாக்கு நுனிக்கு வந்துடுச்சு. அதுக்குள்ள மைனா திரும்பிப் பாத்து, "அண்ணாத்தைக்கு இதுலயும் சந்தேகம் வந்திருக்குமே!"ன்னுச்சு.

எல்லா முகமும் மேல திரும்புச்சு. எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு, நமக்குத்தான் புரியலன்னு ஓணான் நினைச்சான். கேள்வியை முழுங்கிட்டு, விஷயம் தெரிஞ்சவன் மாதிரி மெதுவா தலையை ஆட்டினான்.

"ஓணானே ஆட்டிட்டான், அப்புறமென்ன? ஏரி எங்கயும் போகாது, இரும்மா"ன்னு கூட்டம் கலைஞ்சுது. விரால் குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டு ஏரிக்குள்ள திரும்பிப் போனா.

வாய்க்கால் நின்னுச்சு. ஏரி குட்டையாச்சு. குட்டை சேறாகிறப்ப ஓணான் மரத்தைவிட்டு இறங்கி எருமைகிட்ட ஓடினான்.

"ஏரி எங்கயும் போகாதுன்னீங்களே அண்ணே, அப்படின்னா?"

எருமை அசைபோடறதை நிறுத்துச்சு. "எனக்கென்ன தெரியும்? வாயில வந்துச்சு, சொன்னேன். நல்லாயிருந்துச்சு. நீ தலையாட்டினதும், சரி, ஏதோ அர்த்தம் இருக்குபோலன்னு நானும் இருந்துட்டேன்."

சொல்லிட்டு, பக்கத்து ஊர்க் குளத்தைத் தேடி நடந்துச்சு.

அதுக்கப்புறம் ஏரிக்காரங்க இந்த மாதிரிப் பேச்சுக்கு 'எருமைப் பேச்சு'ன்னு பேர் வச்சாங்க. பேர் வைக்க ஆள் இருந்தாங்க. குஞ்சுங்கதான் இல்ல.

அடுத்த மழையில ஏரி ரொம்புச்சு. சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்த விரால் மட்டும் மேல வந்தா. தனியா நீந்தி மரத்தடிக்கு வந்தா.

"குத்தம் சொல்ல வரல அண்ணே. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரிஞ்சுதேன்னுதான் இருந்தேன். புரிஞ்சுதுல்ல அண்ணே?"

இல்லம்மான்னு சொல்லத்தான் ஓணான் வாயைத் திறந்தான். கழுத்தெல்லாம் செவந்துபோச்சு. சொல்லு வெளிய வரல. தலைதான் ஆடுச்சு.

ஆடுற தலையை அவ பாத்தா. அப்புறம் தண்ணிக்குள்ள போயிட்டா.

அன்னையிலேருந்துதான் ஓணானுக்குப் பேச்சு நின்னுபோச்சு. வேலி மேல உக்காந்திருக்கிறதை நீங்களே பாத்திருப்பீங்க. யாராவது கிட்ட வந்தா கழுத்து செவக்கும், வாய் லேசா திறக்கும். இல்லைன்னு சொல்லத்தான் பாக்குறான். தலை ஆமாங்குது.